பந்து வராத ஓட்டம்

ஒக்டோபர் 18, சனி இரவு

தோற்றுவிட்டோம். எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ரக்பி போல முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஃபுட்போல் இது; எதிரணியின் பலம் பந்தை வீசுவதில் இருக்கிறது. அதனால் பந்தை நாங்களே கையில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி நேரத்தைக் கரைப்பது எங்கள் திட்டம். பந்து எனக்கு வருவதுபோல நான் ஓரமாக ஓடி, அவர்களில் இரண்டு பேரை என் பின்னால் இழுத்துப்போக வேண்டும். பந்து வராது.

கல்லூரிக்காக இது என் கடைசி ஆட்டம். அப்பா டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலைக்கு லீவு போட்டு, முதல் தடவையாகப் பார்க்க வந்தார். திட்டத்தை வீட்டிலும் சொல்லக்கூடாது என்பது அணியின் கட்டளை.

காரில் கேட்டார்.

"ஏன் தம்பி, உனக்கு ஒருக்கால்கூட பந்து தரேல்லை? அவங்களோட ஏதும் கோவமோ?"

"இல்லையப்பா. நான் ஓடினது சும்மா, மற்றவங்களை ஏமாத்த."

"வராதெண்டு தெரிஞ்சுகொண்டே அப்பிடி ஓடினனி?"

"ஓம்."

சிரித்தார். "நீ ஓடேக்கை நான் ஒவ்வொருக்காலும் எழும்பி நிண்டனான். பின்னுக்கிருந்தவன் இருக்கச் சொல்லிக் கத்தினவன்."

இரண்டாம் பாதியில் எதிரணி ஏமாறுவதை நிறுத்திவிட்டது. என் பின்னால் யாரும் வரவில்லை. வெறும் புல்லில் தனியே ஓடினேன். அப்போதும் அப்பா எழுந்து நின்றிருக்கிறார்.