அஷ்வின் பெயரில் ஆறு வாரம்

எலெக்ட்ரானிக் சிட்டி,
14.7.2004

அன்புள்ள அம்மாவுக்கு, தாரணி வணக்கத்துடன் எழுதுவது. எனக்கு இருமல் நின்றுவிட்டது. உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

ஆபீசில் ஒரு சின்ன விஷயம், கவலைப்படாதே. ஆறு டீம்களின் புரோகிராம்களையும் ஒரே சர்வரில் தனித்தனியாக வைக்கும் வேலையை நான்தான் முடித்தேன். யார், எப்போது, எதை மாற்றினாலும் பெயரோடு அது குறித்துக்கொள்ளும். புதிதாகச் சேர்ந்த எனக்கு, சர்வருக்குள் நுழைய என் பெயரில் இன்னும் லாகின் தரவில்லை. பக்கத்து சீட் அஷ்வின், நம் ஆரணிக்காரன்தான், "என் லாகின்லயே பண்ணு தாரணி, நமக்குள்ள என்ன?" என்றான். ஆறு வாரமும் அப்படியே செய்தேன்.

முந்தாநாள் மேனேஜர் இது யார் வேலை என்று கேட்டார். அஷ்வின் சர்வரைத் திறந்து காட்டினான். "பாருங்க சார், எல்லாத்துலயும் என் பேர்தான் இருக்கு." என் பக்கம் திரும்பவே இல்லை. அவன் சொன்னது பொய்யும் இல்லை அம்மா, அதுதான் எரிகிறது.

நேற்று மதியம் கேன்டீனில் தனியாகச் சாப்பிட்டேன். போன வாரம் அவன் வாங்கிப்போன என் டிபன் பாக்ஸ் அவனிடமே இருக்கிறது, கேட்கப் பிடிக்கவில்லை. யாராவது இந்தப் பக்கம் வந்தால் எவர்சில்வரில் ஒன்று கொடுத்தனுப்பு.

ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது. டிபன் பாக்ஸில் கடையிலேயே பெயர் வெட்டி வாங்கு. எப்போதும்போல் அப்பா பெயர் வேண்டாம். என் பெயர்.

தாரணி