இரட்டை வேகத்தில் போன நாற்பது விநாடி

சபாயே,
ஜூன் 9, ஞாயிறு.

அன்புத் தோழி தொமோகாவுக்கு,

சிசுரு எழுதுகிறேன். நான் நலம், நீயும் நலமாய் இருப்பாய் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக இந்த முறை எனக்குத் தைரியம் வரவில்லை. நிஷியாமா பூங்காவில் அசேலியா பூத்து முடிந்துவிட்டது. மழை இன்னும் வரவில்லை, அதற்கு முன்னால் வருகிற புழுக்கம் மட்டும் வந்துவிட்டது. நான் அனுப்பிய பதினொரு செய்திகளையும் நீ படித்துவிட்டதாகக் கைபேசி காட்டுகிறது. பதில் இல்லை. உன்மேல் குறை சொல்லவில்லை. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். கடிதத்தை நீ பிரித்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. அந்த நிம்மதியாவது உனக்கு இருக்கட்டும்.

போன புதன்கிழமை கடையில் உன் அம்மாவைப் பார்த்தேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறதாம். தக்காளி விலையைப் பற்றிப் பேசினோம். பிறகு அவராகவே சொன்னார், ஒரு முழுத் தொடரையே உன் பொறுப்பில் எடுக்கச் சொல்லி அனிமேஷன் ஸ்டுடியோவில் கேட்டிருக்கிறார்கள் என்று. எனக்கு அங்கேயே சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. அதற்குள் அவர், "மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணுமாம். முடியாதுன்னுதான் சொல்லப்போறாளாம்" என்றார். ஏன் என்று கேட்டேன். உன் அம்மா முட்டைப் பெட்டியைத் திறந்து உடைசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தபடியே, "ஜனங்கள உக்கார வைக்க எனக்குத் தெரியலம்மா, சிசுருவே பாதியில எந்திரிச்சிட்டாங்கறா" என்றார். குரலில் கோபம் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அதனால் இந்தக் கடிதம். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். எழுதி முடித்தபின் நீ என்னைப் பற்றி இன்னும் மோசமாக நினைக்கலாம். பரவாயில்லை.

நம் வலைப்பூவை ஆரம்பித்தபோது நமக்குப் பத்தொன்பது வயது. நம் ஊர்த் தொலைக்காட்சியில் அனிமே என்று வருவது கைவிரல் எண்ணிக்கைதான். ஒசாகாவில் இருந்த உன் அக்கா பதிவு செய்து குறுந்தட்டுகளில் அனுப்புவார். பார்சல் வந்ததும் உன் வீட்டு மாடியில் உட்கார்ந்துவிடுவோம். எல்லோரும் ஒரு தொடரை மூன்று வாரம் பார்த்துவிட்டுத் தொடர்வதா விடுவதா என்று முடிவு செய்கிறார்களே, நாமும் அப்படித் தீர்ப்பு எழுதுவோம் என்று 'மூன்றாம் வாரம்' என்று பெயர் வைத்தோம். நீ இரண்டு குருவி வரைந்தாய். கிளையில் உட்கார்ந்திருக்கும் குருவி என்றால் பார்க்கலாம். முதுகைக் காட்டிப் பறக்கும் குருவி என்றால் விடலாம். இன்றுவரை அந்த இரண்டு படங்கள்தான்.

நீ ஒரு சட்டமும் போட்டாய். கடைசியில் ஓடும் பெயர்களை ஒன்று விடாமல் வாய்விட்டுப் படிக்க வேண்டும். நான் ஒருமுறை தண்ணீர் குடிக்க எழுந்தபோது என் பாவாடையைப் பிடித்து இழுத்தாய். "உக்காருடி. பேரப் படிக்காம போறது, சாப்பிட்டு முடிச்சு கைகூப்பாம தட்ட நகத்துற மாதிரி" என்றாய். "சாப்பாடு நல்லா இல்லன்னா?" என்று கேட்டேன். "நல்லா இல்லன்னாலும் சமைச்சவ சமைச்சவதான்" என்றாய். அப்போது நீ டோக்கியோவுக்குப் போவாய் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

நீ போன பிறகு வலைப்பூவை விடக்கூடாது என்று ஒரு வீம்பு எனக்கு. ஆண்டுக்கு நான்கு பருவம், ஒவ்வொரு பருவத்திலும் நாற்பது ஐம்பது தொடர். இப்போது எல்லாம் கைபேசியிலேயே வந்துவிடுகிறது, ஒசாகா பார்சலுக்குக் காத்திருந்த காலம் இல்லை. எல்லாவற்றையும் மூன்று வாரம் பார்த்து, எல்லாவற்றுக்கும் தீர்ப்பு. பட்டறையில் எட்டு மணி நேரம் மூக்குக்கண்ணாடிச் சட்டங்களைப் பரிசோதிக்கிறேன். கீல் தளர்ந்திருக்கிறதா, கம்பி ஒரு மயிரிழை சாய்ந்திருக்கிறதா என்று குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அது முடிந்து வீட்டுக்கு வந்தால் இது. துணி காயப்போடும்போது ஒன்று, அரிசி களையும்போது ஒன்று. முதலில் ஒன்றேகால் வேகத்தில் பார்த்தேன். பிறகு ஒன்றரை. போன இலையுதிர்காலத்திலிருந்து இரட்டை வேகம். இறுதிப் பாட்டு வந்ததும் அடுத்ததுக்குத் தாவ ஒரு பொத்தான் வருகிறது. அதை அழுத்த என் கட்டை விரலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. என் பக்கத்து மேசை நொமுரா அக்கா ஒருநாள், "ஏன் சிசுரு, நாட்டுல எடுக்கிற அத்தனை பொம்மைப்படமும் உன் கையெழுத்து இல்லாம வெளிய வராதோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

பிப்ரவரியில் நீ தொலைபேசியில் பேசினாயே, ஞாபகம் இருக்கிறதா? வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வேலையைப் பற்றிக் கேட்டேன், வெளியே சொல்லக்கூடாது என்று மழுப்பினாய். வைக்கும் முன், "ஏப்ரல்ல வர்றது எல்லாத்தையும் கடைசி வரைக்கும் பாருடி, பேரு வரைக்கும்" என்றாய். "எப்ப பாக்காம இருந்திருக்கேன்?" என்று கேட்டேன். உடனே, யோசிக்காமல் கேட்டேன். அதைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. பரிசோதனை மேசையில் என் கண்ணில் படாத குறை கிடையாது. என் வாயிலிருந்து வந்த பொய் மட்டும் படவில்லை.

ஏப்ரலில் வந்த 'மழைக்காலப் பேருந்து' தொடரின் மூன்றாவது வாரத்தை நான் பட்டறைச் சாப்பாட்டுக்கூடத்தில் பார்த்தேன். இரட்டை வேகத்தில். எதிரே நொமுரா அக்கா அவருடைய மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பள்ளிப் பெண்கள் எங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள், படம் அசையவே இல்லை, சரி என்று குனிந்து சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த கானாங்கெளுத்தி மீனின் முள்ளை எடுத்தேன். நிமிர்ந்தபோது வேறு காட்சி. இறுதிப் பாட்டு தொடங்கியது, பொத்தானை அழுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை எழுதியது உனக்கு மனப்பாடமாக இருக்கும். "நாற்பது விநாடி எதுவும் அசையவில்லை. வரைய நேரம் இல்லாமல் போனதை மௌனம் என்று விற்கிறார்கள்." நானே ரசித்து எழுதிய வரி. அதன் கீழே முதுகைக் காட்டிப் பறக்கும் குருவியை ஒட்டினேன். நீ வரைந்த குருவியை, உன் படத்தின்மேல். இருநூறு பேர் அந்த வரியை எடுத்துப் பரப்பினார்கள். எனக்கு அந்த வாரம் தலைகால் புரியவில்லை.

மே மாதக் கடைசியில் ககோஷிமாவிலிருந்து ஒரு வாசகர் பதிவின் கீழே கேட்டிருந்தார். "அந்தப் பெண்கள் பனியில் உட்கார்ந்து தட்டைப் பெட்டியிலிருந்து தின்கிறார்களே, பயற்றில் செய்த யோகான் இனிப்பு மாதிரி இருக்கிறது. அது கோடையில் குளிரவைத்துத் தின்கிற பண்டமாயிற்றே? குளிர்காலத்தில் தின்கிற ஊர் எது?"

அந்த ஊர்க்காரியான என்னிடமே எந்த ஊர் என்று கேட்கிறார், தொமோகா.

அன்று மாலை தரையில் உட்கார்ந்து முதலிலிருந்து சாதாரண வேகத்தில் பார்த்தேன். நம் ரயில் நிலையத்தின் இரண்டாவது மேடை. மூலையில் துருப்பிடித்த மணல்பெட்டி. மடியில் யோகான் பெட்டி, ஒன்றுக்கு இரண்டு மரக்கரண்டி. நீ டோக்கியோ போவதாகச் சொன்ன நாள் அது. நான் வாழ்த்தும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ரயில் வரும்வரை இருவரும் தின்றுகொண்டே இருந்தோம். நீ உன் பக்கத்தில் கடைசி ஒரு துண்டை விட்டுவைத்தாய், நான் அதை எடுப்பேன் என்று. நான் எடுக்கவில்லை. படத்திலும் அந்தத் துண்டு அப்படியே இருக்கிறது. எதுவும் அசையவில்லை என்றா எழுதினேன்? கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டுகிறது. இடப்பக்கத்துப் பெண் மூச்சு விடும்போது வாயிலிருந்து வரும் ஆவி ஒருமுறை மட்டும் தடுமாறுகிறது. அழுகையை அடக்கினால் அப்படித்தான் தடுமாறும். அது நான். நான் அழப் பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும் என்று ஒன்பது வருஷம் எனக்குத் தெரியாது.

பிறகு பெயர்கள் ஓடின. சத்தமாகப் படித்தேன். வண்ணம் தீட்டியவர்கள், பின்னணி வரைந்தவர்கள், ஒலி சேர்த்தவர்கள். எழுபத்திரண்டு பேர் இருந்தார்கள். 'இந்த வார இயக்கம்' என்று வந்த இடத்தில் உன் பெயர் இருந்தது. நிறுத்திவைத்து, தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடி படித்தேன். கைகூப்பினேன். ஆறு வாரம் ஆறிப்போன சாப்பாட்டுக்குக் கைகூப்பினேன்.

நீ நினைத்துக்கொண்டிருப்பது தவறு, அதைத் திருத்தத்தான் இவ்வளவும். நான் பாதியில் எழுந்துபோகவில்லை. நான் உட்காரவே இல்லை. உன் வேலை என்னைப் பிடித்து நிறுத்தத் தவறியது என்று நீ நம்புகிறாய். அது என் முன்னால் வரவே இல்லை, நான் மீன்முள் எடுத்துக்கொண்டிருந்தேன். பார்க்காதவள் சொன்ன தீர்ப்பை வைத்துக்கொண்டு உன் கையை நீயே கட்டிக்கொள்ளாதே. முடியாது என்று சொல்ல உனக்கு வேறு காரணம் இருந்தால் சொல். தூக்கம் இல்லை, முதுகு வலி, அங்குள்ளவர்களோடு ஒத்துவரவில்லை, எதுவாக இருந்தாலும் சரி. என் காரணத்தால் மட்டும் சொல்லாதே.

அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. அழித்தால் எனக்குத்தான் சௌகரியம். அதன் தலையில், 'இதை எழுதியவள் இந்த வாரத்தைப் பார்க்கவில்லை' என்று எழுதி, எப்படிப் பார்த்தேன் என்பதையும் எழுதிவிட்டேன். உன் பெயரையோ நம் கதையையோ எழுதவில்லை. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பழைய வாசகர் ஒருவர், இதுவரை எழுதிய மற்றதெல்லாம் எந்த லட்சணம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. கோடைப் பருவத்தில் ஐம்பது தொடர் வருகிறது. நான் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். நொமுரா அக்காவிடம் சொன்னேன். "அப்ப மத்தவங்கல்லாம் கையெழுத்துக்கு எங்க போவாங்க பாவம்!" என்றார்.

யோகான் அனுப்பலாம் என்று கடைக்குப் போனேன். ஜூனில் வந்து கேட்கிறவளைக் கடைக்காரர் எப்படிப் பார்த்தார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நவம்பரில் வரச் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு, மேசையிலேயே தலையை வைத்துத் தூங்காதே. நீ எடுத்துக்கொள்ளும் காரியம் எதுவானாலும் உன் கை தடுமாறாமல் இருக்கட்டும், உன் பெயர் எந்தத் திரையில் ஓடினாலும் யாராவது ஒருவர் அதை வாய்விட்டுப் படிக்கட்டும். நவம்பரில் வர முடிந்தால் வா. இரண்டாவது மேடையில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பேன். என்னிடம் எதுவும் பேச வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். கடைசித் துண்டை விட்டுவைத்தால் இந்த முறை எடுத்துக்கொள்வேன். நீ எழுந்திருக்கும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன்.

உன்,
சிசுரு