ஏழாவது வரி

எஸ் கிராவ், மெனோர்கா
10 ஜூலை 2014, வியாழன்

பெப்,

உன் கடிதம் வந்தது. அக்டோபரில் மகளை அழைத்துக்கொண்டு வர விரும்புவதாக எழுதியிருக்கிறாய். எட்டு வயதில் அவள் நன்றாக சைக்கிள் ஓட்டுவது குறித்து மகிழ்ச்சி. அவள் படத்தை அலமாரியில் வைத்திருக்கிறேன். தலைமுடியை யாராவது ஒழுங்காகப் பின்னிவிடலாம்.

தொலைபேசியில் பேசலாமே என்று மறுபடியும் கேட்காதே. தொலைபேசி சாவுச் செய்தி சொல்வதற்கு. மற்றதெல்லாம் தாளில் எழுதப்பட வேண்டும்.

நீ வருவதில் எனக்குத் தடை இல்லை. என் நிபந்தனை ஒன்பது வருடமாக ஒன்றுதான், அதுவும் ஒற்றை வரி. "படலை நான்தான் திறந்து போட்டுவிட்டு வந்தேன்" என்று எழுதிக் கையெழுத்திடு. செய்த தவறை வாயால் சொல்லாமல் மன்னிப்பு கிடையாது. எங்களைக் கன்னியர் மடத்தில் அப்படித்தான் வளர்த்தார்கள்.

மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். அன்று காலை மூவரும் ஒன்றாகத்தான் கிளம்பினோம், உன் அப்பா சைக்கிளில், நீயும் நானும் நடந்து. ஆறாவது இடத்தில் பறவைகளை எண்ணி முடித்ததும் சமைப்பதற்காக நான் தனியே திரும்பினேன். வழியில் அந்தக் குதிரை வயல் படலை என் கையால் மூடிவிட்டுத்தான் வந்தேன். நான்கு மணிக்கு நீ திரும்பினாய். எனக்குப் பிறகு அந்த வழியாக வந்தவன் நீ ஒருவன்தான். அந்தியில் உன் அப்பா ஏழாவது இடத்துக்குப் போகும் வழியில், கலங்கரை விளக்கச் சாலையில் அந்தக் கறுப்புக் குதிரைமேல் மோதி விழுந்து இறந்தார். தேடிப் போனவர்களோடு நானும் போனேன். படல் விரியத் திறந்து கிடந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வேறு செய்தி. காயல் பறவைக் காப்பகத்து அலுவலகத்தார் உன் அப்பாவின் பறவைக் குறிப்பேடுகளைக் கேட்டார்கள். எடுத்துத் தூசி தட்டினேன். கடைசிப் பக்கத்தில் ஏழு இடங்களில் ஆறுக்குத்தான் எண்ணிக்கை இருக்கிறது. ஏழாவது வரி வெறுமையாக இருக்கிறது. முடிக்காத பக்கத்தை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். இன்று முதல் வியாழன்தோறும் நானே போகிறேன்.

எஸ்பெரான்சா சிந்தெஸ்,
ஜாவ்மே ஃப்ளோரித்தின் விதவை


ஹாம்பர்க்
20 ஜூலை 2014

அன்புள்ள அம்மாவுக்கு,

எழுபத்து மூன்று வயதில் காயலைச் சுற்றித் தனியாகவா? அதுவும் ஜூலை வெயிலில்? தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். வடக்குக் காற்று எழுந்தால் பாதியில் திரும்பிவிடுங்கள், காற்றோடு வாதாடாதீர்கள்.

இடா தன் அறைச் சுவரில் தாத்தாவின் ஏழு இடங்களையும் வரைந்து ஒட்டியிருக்கிறாள். ஐந்தாவது இடத்தில் ஆமைகள் இருக்குமா என்று தினமும் கேட்கிறாள். "பாட்டி ஏன் நம்மள கூப்பிட மாட்டேங்கறாங்க, நம்ம மேல கோவமா?" என்று நேற்று கேட்டாள். "உன் மேல இல்லடி" என்றேன். "அப்ப உன் மேலயா? நீ என்ன பண்ணின?" என்றாள். அவள் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டேன்.

அந்த வரியைப் பற்றி: நான் வந்தபோது படல் மூடியிருந்தது, மூடியபடியே விட்டேன். அன்று சொன்னதைவிட அதிகமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

உங்கள்
பெப்


எஸ் கிராவ்
1 ஆகஸ்ட் 2014

பெப்,

மூன்றாவது இடம் வரை சைக்கிளில் போகிறேன். அதன் பிறகு மணல், உன் அப்பாவைப் போல அதில் ஓட்ட எனக்கு வராது. சைக்கிளைப் பைன் மரத்தில் சாய்த்துவிட்டு நடக்கிறேன். என் சைக்கிள்தான், முன்னால் கூடை வைத்தது. உன் அப்பாவுடையது வளைந்த சக்கரத்தோடு கொட்டகையில் தொங்குகிறது, அதை நான் தொடுவதில்லை.

நேற்றைய கணக்கு: முதல் இடத்தில் நாமக்கோழி நாற்பத்தொன்று. இரண்டாவதில் சாம்பல் நாரை மூன்று. நான்காவதில் பாறைமேல் நீர்க்காகங்கள் இறக்கையைக் காயவைத்துக்கொண்டு நின்றன, துணி உலர்த்தத் தெரியாதவர்கள் கொடியில் போட்டது போல. ஐந்தாவதில் ஆமை இரண்டு. இடாவிடம் சொல்.

இனி எழுதுவதை நீ மட்டும் படி.

படல் ஐந்தாவது இடத்துக்கும் ஆறாவதுக்கும் நடுவில் இருக்கிறது. அதே காட்டு ஒலிவக் கொம்புகளால் வளைத்துச் செய்த படல்தான். நான்கு வாரமாகப் போகும்போது மூடிவிட்டுப் போகிறேன். திரும்பி வரும்போது திறந்திருக்கிறது. சும்மா ஆடிக்கொண்டு அல்ல, ஒரு வெள்ளைக் கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தித் திறந்திருக்கிறது. சுற்றிலும் யாருமில்லை. நேற்று மூன்று மணி வெயிலில் ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை.

மறுபடி மூடிவிட்டு நடந்தேன். இருபது அடி போயிருப்பேன். பின்னால் சைக்கிள் சத்தம் கேட்டது. மிதிக்காமல் சரிவில் உருளவிட்டால் பின்சக்கரம் டிக் டிக் டிக் என்று பல் கடிக்குமே, அந்தச் சத்தம். ஒதுங்கி வழிவிட்டேன். யாரும் கடந்து போகவில்லை. திரும்பிப் பார்த்தேன். மூடிய படலுக்கு அந்தப் பக்கம் வரை வந்து சத்தம் நின்றுவிட்டது.

நான் கற்பனைக்கு இடம் கொடுப்பவள் அல்ல. உனக்குத் தெரியும்.

எஸ்பெரான்சா சிந்தெஸ்


ஹாம்பர்க்
12 ஆகஸ்ட் 2014

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தயவுசெய்து கொஞ்ச நாள் போகாமல் இருங்கள். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று கேட்கிறேன், அந்தப் படலைத் தொடாதீர்கள். "பாத்தது பாத்தபடி விடு" என்று அப்பா சொல்வாரே, அப்படி விட்டுவிடுங்கள். திறந்திருந்தால் திறந்தே இருக்கட்டும்.

ஏன் என்று கேட்காதீர்கள், அம்மா.

உங்கள்
பெப்


எஸ் கிராவ்
22 ஆகஸ்ட் 2014

பெப்,

திறந்து போட்டவன் எனக்கு மூடாதே என்று புத்தி சொல்கிறான்.

"பாத்தது பாத்தபடி" என்பது விவசாயிகள் தங்கள் சோம்பலுக்குச் சூட்டிக்கொண்ட பெயர். உன் அப்பா அவர்களோடு பழகி அதையும் கற்றுக்கொண்டார். எங்கள் மடத்து மதர் எங்க்ராசியா இரும்பு ஸ்கேலோடு வாசலில் நிற்பார். திறந்த கதவை மூடாமல் கடக்கிறவள் கை சிவக்காமல் வகுப்புக்குள் போக முடியாது. அறுபது வருடத்துப் பழக்கத்தை உனக்காக விட முடியாது.

திங்களன்று ஒன்பது வருடம் நிறைந்தது. பூசைக்குக் கொடுத்தேன். நேற்று வியாழன், போனேன். கல்லை அகற்றிச் சுவரோரமாக நேராக வைத்துவிட்டுப் படலை மூடினேன். மேல் வயலில் ஒரு கறுப்புக் குதிரை தலையைச் சுவருக்கு மேலே நீட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதே குதிரையாக இருக்க முடியாது. ஆனால் பார்த்த பார்வை பழகிய பார்வை.

திரும்பும்போது சத்தம் ஆறாவது இடத்திலேயே தொடங்கிவிட்டது. நான் நின்றால் நிற்கிறது, நடந்தால் வருகிறது. "என்ன வேணும் ஜாவ்மே? வாயத் தெறந்து சொல்லுங்க" என்று சத்தமாகவே கேட்டேன். உயிரோடு இருந்தபோதே வாயைத் திறக்காதவர்.

ஏழாவது இடத்துக்கு இதுவரை போக முடியவில்லை. ஆறாவதைத் தாண்டியதும் கால் மறுக்கிறது.

அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அவருக்கும் அந்த ஒரு வரிதான் வேண்டும். அக்டோபர் நெருங்குகிறது. எழுதினால் வா. எழுதாவிட்டால் உன் மகளிடம் நீ என்ன செய்தாய் என்று நானே ஒருநாள் எழுதிவிடுவேன்.

எஸ்பெரான்சா சிந்தெஸ்,
ஜாவ்மே ஃப்ளோரித்தின் விதவை


ஹாம்பர்க்
14 செப்டம்பர் 2014

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் கேட்டபடி எழுதி, முழுப்பெயரில் கையெழுத்திடுகிறேன்.

18 ஆகஸ்ட் 2005 அன்று படலை நான்தான் திறந்து போட்டுவிட்டு வந்தேன்.

ஜோசப் ஃப்ளோரித் சிந்தெஸ்

அக்டோபர் பதினோராம் தேதிக்கு விமானச் சீட்டு கிடைக்கிறது. இடா தன் தலைக்கவசத்தை இப்போதே பெட்டியில் வைத்துவிட்டாள். இனியாவது அந்தப் பக்கம் தனியாகப் போகாதீர்கள். நீங்கள் நிம்மதியாக இருந்தால் போதும்.

பெப்


எஸ் கிராவ்
25 செப்டம்பர் 2014, வியாழன்

என் மகன் பெப்புக்கு,

உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதில் ஒரு பிழை இருக்கிறது. சிவப்புப் பென்சிலால் திருத்தியிருக்கிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இந்த மாதம் பதினோராம் தேதி வியாழன், படலை மூடிக் கல்லைச் சுவரோரம் வைத்துக்கொண்டிருந்தேன். பண்ணைக்காரி கதலினா கையில் வாளியோடு மேட்டிலிருந்து ஓடி வந்தாள். அவளை உனக்குத் தெரியும், பேச ஆரம்பித்தால் காற்றுக்கே இடம் விடமாட்டாள்.

"அட, நீங்கதானா! வியாழனுக்கு வியாழன் எந்தச் சனியன் மூடிட்டுப் போகுதுன்னு எங்க வீட்டுக்காரர் திட்டாத திட்டு இல்ல. ஜெர்மன்காரன்னு நெனச்சோம், இங்கிலீஷ்காரன்னு நெனச்சோம். கடைசில நம்ம சென்யோரா எஸ்பெரான்சா!"

"திறந்த கதவை மூடுவது குற்றமா?" என்றேன்.

"ஜூன் கடைசில சான் ஜுவான் திருநாள் கழிஞ்சா மேல் வயல் கேணி வத்திடும்மா. கீழ இருக்கற குளத்துலதான் குதிரைக்குத் தண்ணி. அதுக்குத்தான தெறந்து கல்லு வெக்கிறோம். குடிச்சுட்டு அது பாட்டுக்கு மேல ஏறிடும், ரோட்டுப் பக்கமே போகாது. மூடினா என்ன பண்ணும்? தாகத்துல ரோட்டுப் பக்கத்துச் சுவர எகிறிக் குதிக்கும். அன்னிக்கு ஒரு டூரிஸ்ட் பாவி மூடிட்டுப் போயித்தான உங்க..."

அங்கே நிறுத்தினாள். வாளி கையிலிருந்து இறங்கிவிட்டது.

"அன்று மாலை படல் திறந்திருந்ததே. நானே பார்த்தேனே" என்றேன்.

"குதிரையக் காணோம்னு தேடி வந்தப்ப எங்க வீட்டுக்காரர்தான் தெறந்தாரு. எதுக்கு இப்ப அதெல்லாம்? உங்க பெப்புக்குத் தெரியுமே. அடக்கம் பண்ணின அன்னிக்கே அவன்கிட்ட சொன்னோமே. 'மூடினது யாருன்னு தேட வேணாம் மாமா, இதை அம்மாகிட்டயும் சொல்லாதீங்க'ன்னு அவன்தான் கையப் புடிச்சுக் கேட்டான்."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. சைக்கிளைப் பைன் மரத்தடியிலேயே விட்டிருக்கிறேன், மறுநாள் யாரோ கொண்டுவந்து தந்தார்கள்.

நீ நான்கு மணிக்கு வந்தபோது படல் மூடியிருந்தது. கல் சுவரோரம் நேராக, விளிம்பு பார்த்து வைக்கப்பட்டிருந்தது. இந்தத் தீவில் ஒரு கல்லை அப்படி வைக்கிறவள் நான் ஒருத்திதான். அன்றே உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் ஒன்பது வருடம் எட்டி இருந்தாய்.

அன்றிரவே உனக்கு எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் "தெரியாமல்" என்ற சொல் முதல் வரியிலேயே வந்து நின்றது. அந்தச் சொல்லை நான் உனக்கு ஒருநாளும் தந்ததில்லை. பல நாள் கழித்து நான்காவது தாளை எடுத்தபோது உன் கடிதம் வந்தது.

உண்மையைச் சொல்கிறேன். அதைப் படித்ததும் முதலில் எனக்கு அழுகை வரவில்லை. இதை வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறது. கதலினாவின் வாயை ஒரு பாட்டில் ஜின் கொடுத்து அடைத்துவிடலாம். நீ வருவாய், நான் மன்னிப்பேன், ஊரே என் பெருந்தன்மையைப் பேசும். இரண்டு நாள் அந்தக் கடிதம் பூசைப் புத்தகத்துக்குள் இருந்தது. இரண்டு நாளும் கொட்டகையில் தொங்கும் சைக்கிளின் பின்சக்கரம் டிக் டிக் என்றது. கதவைத் திறந்து பார்த்தால் வளைந்த சக்கரம் அசையாமல் இருக்கும்.

அதனால்தான் சிவப்புப் பென்சில். "நான்தான் திறந்து போட்டுவிட்டு வந்தேன்" என்பதை அடித்து, மேலே "அம்மாதான் மூடிவிட்டு வந்தார்" என்று எழுதியிருக்கிறேன். உன் கையெழுத்துக்குக் கீழே என்னுடையதையும் போட்டிருக்கிறேன். இந்தத் தாள் உன்னிடம் இருக்கட்டும். இடா கேட்டால் காட்டு. யார் என்ன பண்ணினார்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

மன்னிப்பு கேட்கிறேன் என்று எழுதத் தெரிகிறது. அதை எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. நான் கற்ற பள்ளியில் தண்டனை வாங்கியதும் கணக்கு தீர்ந்தது. எனக்கான தண்டனையை நீ வாங்கிக்கொண்டாய், அதற்கு என்ன செய்வார்கள் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

இன்று மறுபடி போனேன். படல் திறந்திருந்தது. கல் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அதை நன்றாக முட்டுக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தேன். குதிரை மேலிருந்து இறங்கி, என்னைப் பார்க்காமலே கடந்து போய்க் குளத்தில் வாய் வைத்தது. நீண்ட நேரம் குடித்தது. பிறகு அந்தச் சத்தம் வந்தது. இந்த முறை படலில் நிற்கவில்லை. என் பாதத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கடந்து, சரிவில் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் பக்கம் போய்த் தேய்ந்தது. அவர் ஏழாவது இடத்துக்குப் போகிறார். என்னைக் கூப்பிடவில்லை.

ஏழாவது வரி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அலுவலகத்தாரிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டேன். அதை நிரப்பத் தெளிவான கண்ணுள்ள ஒருத்தி வேண்டும். எண்ணும்போது பேசக்கூடாது என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவை.

நீ வருகிறாயா என்று இனி நான் கேட்கக்கூடாது, அந்த உரிமை எனக்கு இல்லை. அக்டோபர் பதினோராம் தேதி வீட்டு வாசற்கதவு திறந்திருக்கும். கல் வைத்திருக்கிறேன்.

அம்மா