இரவல் டயர்

8-11-82, திங்கள்

காலையிலிருந்து மழை. எழுதி நான்கு நாளாயிற்று. இப்போதும் பாப்பா தூங்கிய பிறகுதான், நோட்டு மன்னிக்கட்டும்.

நாளை இவர் ஓட்டும் பள்ளிக்கூட வேனுக்கு எஃப்.சி., தகுதிச் சான்று. விண்ணப்பம் நான்தான் எழுதினேன். பி.எஸ்ஸி. படித்ததற்கு இந்த வீட்டில் அதுதான் வேலை. பார்ப்பார்களாம்: ஹெட்லைட், ஹாரன், வைப்பர், ஹேண்ட் பிரேக், டயர், முதலுதவிப் பெட்டி (பஞ்சு இல்லை, வாங்கணும்). வண்டிச் சட்டத்தில் வெட்டியிருக்கும் சேஸ் நம்பர்மேல் காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தேன். விரலெல்லாம் கரி.

போன வருஷம் அண்ணன் லாரிக்கும் என் கைதான் எழுதியது. பாஸான எட்டாம் நாள் லாரியோடு போய்விட்டான். எழுதும்போது பின்னால் நின்று பார்க்கிற மாதிரி. திரும்பவில்லை.

9-11-82, செவ்வாய்

தூறல். விடியும் முன் பட்டினத்திலிருந்து இவருடைய சிநேகிதர் ஜமால் பாய். தன் வேனின் முன் டயர் இரண்டையும் கழற்றிக் கொண்டுவந்தார். நம்முடையது வழவழவென்று தேய்ந்தது. எஃப்.சி.க்கு எல்லோரும் இப்படித்தான்.

"பயப்படாதம்மா. கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுக்கிட்டுப் போறதில்லயா?"

இவர்: "இவ கல்யாணத்துக்கே அப்படித்தான் பாய்."

சிரிப்பு வரவில்லை. அண்ணனும் இரவல் டயரில்தான் பாஸானான். திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழசை மாட்டினான். ஈரச் சாலை. பாலம்.

மதியம் பாஸ். ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் தானே ஓட்டிப் பார்த்து, "நல்லா நிக்குதே" என்றாராம்.

சாயங்காலம் பாப்பா: "அம்மா, மாமா வேனுக்கடியில படுத்திருக்காரு." ஓடினேன். ஜமால் பாய், ஜாக்கியோடு, தன் டயரைக் கழற்றிக்கொண்டு. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

பழசு மாட்டியாயிற்று.

10-11-82, புதன்

பேய் மழை. பள்ளிக்கூடம் லீவு. துணி காயவில்லை. நாளை பள்ளிக்கூடம் உண்டு என்கிறார்கள்.

"புது டயர் போட்டுட்டு எடுங்களேன்."

"பொங்கலுக்குப் பாத்துக்கலாம். இன்ஸ்பெக்டரே பாஸ் போட்டுட்டாரு, நீ ஃபெயில் போடறியா?"

திருவேட்டக்குடியிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகள். பதிமூன்றாவது பாப்பா. அவளை நான் நிறுத்திக்கொள்ளலாம். மற்ற அம்மாக்கள் சாலையோரம் நின்று கைகாட்டி அனுப்புவார்கள். அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அண்ணன் விஷயத்திலும் தெரிந்துதான் இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

என்னங்க, இந்தப் பக்கம் உங்களுக்கு. நேரில் சொன்னால் சிரிக்கிறீங்க. நோட்டை வண்டிச் சாவிமேல் வைக்கிறேன். எடுப்பீங்களா, மாட்டீங்களா, கீழே ஒரு வரி எழுதுங்க. பிள்ளைகள் சாலைக்கு வருவதற்குள்.