வாசல்படி இல்லாத குளியலறை

அப்பா,

நோவுக்குக் குளிசை போட்டுப் படுத்த உங்களை எழுப்ப மனம் வரவில்லை. நேவிக்காரர் வாசலில் நிற்கிறார்கள். சேட் போட்டு வர விட்டிருக்கிறார்கள், அதற்குள் இதை எழுதுகிறேன்.

புதுக் குளியலறைக்குப் பின்னால் என்ன புதைத்தோம் என்று கேட்கிறார்கள். குளிக்கிற தண்ணீர் போகிற கிடங்கு என்றேன். அப்படியென்றால் வெட்டின அன்றைக்கே ஏன் கொங்கிறீற் மூடி போட்டாய் என்றார் அவர்களில் பெரியவர். அப்பா சில்லுக் கதிரையோடு உள்ளே விழாமல் இருக்க என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து நிமிசம் வந்துவிட்டுப் போகட்டாம்.

நேற்றுப் பின்னேரம் குளியலறை கட்டின மேசன் பேணாட் அண்ணையையும் அதே ஐந்து நிமிசத்துக்குத்தான் கூட்டிப்போனவை. அவருடைய சைக்கிள் இன்னும் எங்கள் வேலியில் சாய்ந்து நிற்கிறது. அதை அசைக்க வேண்டாம், வந்து தேடுவார்.

குசினியில் புட்டும் மீன்குழம்பும் மூடி வைத்திருக்கிறேன்.

"குளியலறைக்குப் படி வைக்காட்டித் தண்ணி முழுக்க வீட்டு ஹோலுக்குத்தான்டா வரும்" என்று ஒரு கிழமையாக என்னோடு கதைக்காமல் இருக்கிறீர்கள். விடிய ரைல்ஸ் தரையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. உங்கள் மன்னிப்பை வந்து நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

மகன்

பி.கு: என்னைத் தேடி நேவிக் காம்புக்கு வரவேண்டாம். பக்கத்து வீட்டு மரியமலர் மாமியிடம் சொல்லிக் கோயில் பாதரை அனுப்புங்கள்.

இன்னொன்று: பழைய வீட்டில் நான் தூக்கித்தான் குளியலறைப் படி தாண்டினீர்கள். இங்கே கதிரையை நேரே உருட்டிக்கொண்டு போகலாம். எனக்காகக் குளிக்காமல் காத்திருக்காதீர்கள்.