சாவிக்கொத்தின் இடம்

ஞாயிறு, காலை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் தன் கருத்தைச் சொல்கிறது. நான் காதில் வாங்குவதில்லை. கப்பலில் உனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா? உன் போன கடிதத்தில் நான்கு எழுத்துப் பிழைகள். சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறேன், வந்ததும் பார்த்துக்கொள்.

உன் மனைவியும் நலம். நீ போன ஆறு மாதமாக இந்த வீட்டில் நானும் அவளும்தான். சண்டை கிடையாது. சண்டை போடும் அளவுக்குப் பேச்சும் கிடையாது. அவளுடைய பள்ளிக்குப் பின்தெருவில் ஓர் அறை வாடகைக்கு வருகிறதாம். வியாழக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "பஸ்ஸுக்கு நிக்கிற நேரமாவது மிச்சமாகும் அத்தை" என்றாள். "உன் இஷ்டம்" என்றேன். வேறு என்ன சொல்வது? மாதம் முடிவதற்குள் அந்த வீட்டுக்காரிக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். உனக்கும் எழுதியிருப்பாள்.

அவளுக்குக் களைப்பு பஸ்ஸால் வரவில்லை, சாமான்களால் வருகிறது என்பது என் கணிப்பு. மூன்று, நான்கு வயதில் இருபத்து மூன்று குழந்தைகள். தினமும் சாயங்காலம் ஒரு பை நிறையக் கொண்டுவந்து நம் சாப்பாட்டு மேசையில் கொட்டுவாள்: களிமண் அப்பிய மணிகள், மூடி இல்லாத பேனாக்கள், எந்தப் படத்தோடும் சேராத புதிர்த் துண்டுகள். பொறுக்கிப் பிரித்து முடிப்பதற்குள் கண் சொக்கிவிடும். முப்பது வருடம் ஆஸ்பத்திரியின் ஆவண அறையைக் கட்டி ஆண்டவள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

போன வாரம் மூன்று நாள் விடுமுறை. அவள் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். வகுப்புச் சாவியும் கோத்த சாவிக்கொத்தை வழக்கம்போல் கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தாள்; இந்தத் தடவை ரேடியோ மேல். தினமும் காலையில் அதைத் தேடுவதற்கே கால் மணி நேரம் போகிறது. எடுத்துக்கொண்டு நேராக வகுப்புக்குப் போனேன். ஆயா கதவருகில் நின்று, "மிஸ்ஸுக்குத் தெரியுமா பெரியம்மா?" என்று இரண்டு முறை கேட்டாள். ஆச்சரியமாக இருக்கட்டும் என்றேன்.

நீ பார்த்திருக்க வேண்டும். குழந்தைகள் கலைத்துவிடாதபடி எல்லாவற்றையும் மேல் தட்டுகளுக்கு ஏற்றினேன். அகர வரிசையில் நாற்பத்திரண்டு பெட்டிகள். அட்டைகள், உருளைகள், கத்தரிக்கோல்கள், களிமண், கைப்பாவைகள் என்று ஒவ்வொன்றுக்கும் என் கையாலேயே பெயர்ச்சீட்டு. கான்வென்ட்டில் கையெழுத்துக்கு மூன்று வருடம் தொடர்ந்து பரிசு வாங்கியவள் என்பது உனக்குத் தெரியும். அந்தக் கை இன்னும் நடுங்கவில்லை.

திங்கட்கிழமை வந்து பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு அத்தை" என்றாள். அவ்வளவுதான். அவள் சுபாவமே அப்படி, அதிகம் பேசமாட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கம்பளி பனியனை நீ எடுத்துப்போன பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா


சனி, மத்தியானம்

அன்பு மகனுக்கு,

போன கடிதம் உனக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். சேராமல் இருந்திருந்தால் நல்லது.

செவ்வாய்க்கிழமை உன் மனைவி சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலிலேயே ஆயா, "வாங்க பெரியம்மா, உங்க மியூசியத்தைப் பாக்க வந்தீங்களா?" என்றாள். பாராட்டு என்று நினைத்து உள்ளே போனேன்.

உன் மனைவி முக்காலி மேல் நின்றுகொண்டிருந்தாள். கீழே இருபத்து மூன்று பேரும் தலையை அண்ணாந்து, "மிஸ், கட்டை! மிஸ், மணி! மிஸ், எனக்கு நாய் பொம்மை!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் ஏறுகிறாள், எடுக்கிறாள், இறங்குகிறாள், மறுபடி ஏறுகிறாள். நான் ஒழுங்குபடுத்துவதற்கு முன் அந்தக் குழந்தைகள் தாங்களே எடுத்து விளையாடிவிட்டுத் தாங்களே வைத்தார்களாம். கோணல்மாணலாகத்தான், ஆனால் தாங்களே.

ஒரு குட்டிப்பெண் வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தாள். வகுப்பில் அவளுக்கு நீதிபதி என்று பட்டப்பெயர். பெயர்ச்சீட்டைக் காட்டி, "பாட்டி, இதுல என்ன படம்?" என்றாள். படம் இல்லை, எழுத்து என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "ஏன், உங்களுக்குப் படம் வரைய வராதா?" என்றாள்.

வராது என்பதுதான் உண்மை. கான்வென்ட்டில் சித்திர வகுப்பு சிஸ்டர் என்னைக் கைகழுவிவிட்டார்கள். ஆனால் மகனே, என் வெட்கம் அதற்காக இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத இருபத்து மூன்று பேருக்கு, முத்து முத்தாக நாற்பத்திரண்டு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். முதுகு ஒடிய மூன்று நாள் நின்றபோதும் எனக்கு அது தோன்றவில்லை.

சாயங்காலம் உன் மனைவியைக் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. பையிலிருந்த மணிகளை மேசையில் கொட்டினாள். பிறகு, "நீங்க எழுதினது அவ்வளவு அழகா இருந்துச்சு அத்தை. எப்படிக் கிழிக்கிறது? அதோட, சொன்னா நீங்க கேப்பீங்களா?" என்றாள். கேட்டிருக்கமாட்டேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை, உனக்கு எழுதுகிறேன்.

மறுநாள் காலையில் உன் அப்பாவின் பட்டறை அறையைத் திறந்தேன். அவர் இறந்துபோன பிறகு இரண்டு வருடம் அதைத் திறக்கவே இல்லை. சுவரில் அந்தப் பலகை அப்படியே இருக்கிறது. சுத்தியல், குறடு, ரம்பம் என்று ஒவ்வொன்றும் தொங்கும் இடத்தில், அதைச் சுற்றி அவர் வரைந்த கோடு. எதையாவது எடுத்தால் அதன் உருவம் மட்டும் பலகையில் நிற்கும். கல்யாணமான புதிதில் நான் எல்லாவற்றிலும் பெயர்ச்சீட்டு கட்டினேன். அவர் ஒன்றுவிடாமல் அவிழ்த்துவிட்டார். "கைக்கு இடம் தெரிஞ்சா போதும்மா, பேரு எதுக்கு?" என்றார். நாலாம் வகுப்போடு நின்றவர், அதனால் அப்படிச் சொல்கிறார் என்று அன்று நினைத்தேன். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

பலகையைக் கழற்றி மேசையில் வைத்தேன். உன் மனைவி விரலால் கோடுகளைத் தடவிக்கொண்டே வந்து ஓர் ஓரத்தில் நின்றாள். "அத்தை, இது என்ன கருவி? ரெண்டு வட்டமா இருக்கு?" அது கருவி இல்லை, என் மூக்குக்கண்ணாடி. நான் அதை எங்கேயாவது வைத்துவிட்டு வீட்டையே இரண்டாக்குவேன் என்று, தன் கருவிகளுக்கு நடுவில் அதற்கும் ஓர் இடம் போட்டு வைத்திருந்தார். அழுக்குப் பட்டறையில் என் கண்ணாடியா என்று ஒரு நாள்கூட அதை அங்கே மாட்டவில்லை. இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆறு மாதத்தில் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தது அன்றுதான்.

பிறகு இரண்டு சாயங்காலம் வேலை. பொருளைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட, சித்திரம் தெரிய வேண்டியதில்லை. நான் கோடு போட்டேன், அவள் வண்ணம் தீட்டினாள். நேற்று வகுப்பில் எல்லாவற்றையும் கீழ்த்தட்டுகளுக்கு இறக்கி, தட்டின் மேல் தாளை ஒட்டினோம். முக்கோணக் கட்டை முக்கோண உருவத்தின் மேல், மணி டப்பா வட்டத்தின் மேல். நீதிபதி ஒவ்வொன்றையும் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்து, "சரியா இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னாள். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

என் பெயர்ச்சீட்டுகளை உன் மனைவி கிழிக்கவில்லை. குழந்தைகள் எழுத்துப் படிக்கும் வகுப்புக்குப் போகும்போது வேண்டும் என்று ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறாள்.

இன்று காலையில் ஒரு காரியம் செய்தேன். நம் வாசல் பக்கத்துச் சின்னத் தட்டில் வெள்ளைத் தாள் ஒட்டி, அவள் சாவிக்கொத்தை வைத்துச் சுற்றிக் கோடு போட்டேன். பெயர் எழுதவில்லை. சாவியை அது கிடந்த இடத்திலேயே திரும்பப் போட்டேன். அவள் கடைக்குப் போய்விட்டு வந்தாள். பார்த்தாள். சாவியை அந்தக் கோட்டுக்குள் வைத்துவிட்டு, "கோடு கோணலா இருக்கு அத்தை" என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குப் போனாள். கோணல்தான்.

மாதம் முடிய ஐந்து நாள் இருக்கிறது. அந்த அறையைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நீயும் என் மருமகளிடம் கேட்டு எழுதிவிடாதே.

அந்தத் தட்டில் இன்னும் இடம் இருக்கிறது. உன் கைக்கடிகாரத்துக்கென்று சாவிக்கொத்தின் பக்கத்தில் விட்டு வைத்திருக்கிறேன். கடிகாரம் கையில் இல்லாமல் கோடு போட வராது. அடுத்த விடுப்பு எப்போது என்று கேட்டு எழுது.

நீங்கள் இருவரும் நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,
உன் அம்மா