துவாலை இல்லாத பை

அன்பு மகளே,

மூன்று நாளாக மழை. வேறு விசேஷம் இல்லை.

"ஊருக்கெல்லாம் அம்மா, எனக்கு மட்டும் இல்ல" என்று சொல்லிவிட்டு நீ விடுதிக்குப் போனாயே, அதைப் பற்றி எழுத உட்காரவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல் வாத்தியார் வீட்டுக்குப் போனேன். படுக்கையில் கிடக்கும் மனிதர். "நீ செய்யறதெல்லாம் பரலோகத்துல எடம் புடிக்கத்தானே?" என்றார். ஆறு வருடமாக இதே பேச்சு, ஒரு நன்றி கிடையாது. எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவர் காலைக் கழுவிவிட்டு, கொண்டுபோன பைக்குள் கையை விட்டேன். துவாலை இல்லை.

"வெயில் வாசத்தோட ஒரு துவாலை வருமே, எங்க?" என்றார்.

சனிக்கிழமைதோறும் அதைத் துவைத்து, காயவைத்து, மடித்துப் பையில் வைத்தது நீ. அந்த ஈரக் காலைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவராவது வாசத்தைக் கவனித்திருக்கிறார். நான் ஆறு வருடத்தில் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்த வாரம் நானே துவைத்துக் கூடத்தில் போட்டிருக்கிறேன். இன்னும் காயவில்லை.

இப்படிக்கு,
அம்மா